இழுத்துப் பார்க்கும் கை

திண்டுக்கல்லில் வீட்டைப் பூட்டியவர்கள் உடனே திரும்பி நடப்பதில்லை. சாவியை உருவிய கையாலேயே பூட்டை ஒருமுறை கீழே இழுப்பார்கள். தெருமுனை வரை போனவர் சந்தேகம் தட்டித் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பதும் உண்டு. பழக்கதோஷம் என்று நாம் கடந்துவிடும் இந்தச் செயல், தொழில்முறையில் பார்த்தால் ஒரு முழுமையான சோதனை. பூட்டின் மீது திருடன் செலுத்தப்போகும் விசையை வீட்டுக்காரரே முதலில் செலுத்திப் பார்க்கிறார். பூட்டும் அங்கேயே பதில் சொல்லிவிடுகிறது: விழுந்திருந்தால் நிற்கும், விழாவிட்டால் கையோடு வந்துவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் சென்சார் பொருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் காணும் பெரிய குறை, இந்தக் கை சென்சாருக்கு இன்னும் பழகவில்லை என்பதுதான். சென்சாரைப் பொருத்துவது இந்த வேலையில் சிறிய பாதி. பொருத்தியது வேலை செய்கிறதா என்று சோதிப்பது பெரிய பாதி. சோதிக்காமல் ஒப்படைப்பது, பூட்டைக் கொண்டியில் மாட்டிவிட்டு அமுக்காமல் போவதற்குச் சமம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஏன் பூட்டை எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன் என்றால், நம்பிக்கை என்பது எப்படி உண்டாகிறது என்பதை இந்த ஊர் பூட்டை வைத்துத்தான் கற்றுக்கொண்டது. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி எனச் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் அரத்தால் அராவிக் கையால் செய்த பூட்டுகளுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, ஷட்டர் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று வகைகள் பல. உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். ஆறோ ஏழோ பத்தோ லீவர் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சாவியின் பல் அதற்கென்று குறித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நாக்கு நகராது. அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து இறங்கிய பிறகு இங்கே பட்டறைகள் குறைந்துவிட்டன. அது தனியாகப் பேசவேண்டிய வருத்தம். இங்கே சொல்ல வருவது வேறு. அந்தப் பூட்டு பழுதாகும் விதங்கள் மிகக் குறைவு. சாவி சுற்றாது, அல்லது நாக்கு விழாது. இரண்டையும் கை உணர்ந்துவிடும். பழுதை மறைத்து வைக்கத் தெரியாத பொருள் என்பதால்தான் பூட்டை நம்பினோம்.

ஆனால் பூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அது தடுக்கும், சொல்லாது. சாவி திரும்பும்போது மணியோசை எழுப்பும் பூட்டுகளை அந்தக் காலத்து ஆசாரிகள் செய்தார்கள். தடுப்பது மட்டும் போதாது, திறப்பது வீட்டாருக்குக் கேட்கவும் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் அந்த மணி சாவிக்குத்தான் அடிக்கும்; கடப்பாரைக்கு அடிக்காது. இன்று பூட்டிய வீட்டில் நுழைகிறவன் பத்து லீவர் பூட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. பூட்டைத் தாங்கும் கொண்டியையும் நாதாங்கியையும் நெம்புகிறான். மரத்தில் இரண்டு அங்குலத் திருகாணியில் நிற்கும் நாதாங்கி பெயர்ந்துவிட்டால், பூட்டு பூட்டியபடியே தரையில் கிடக்கும். போதாததற்கு, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறது. மாசித் திருவிழாவுக்கோ, பழனி பாதயாத்திரைக்கோ, வெளியூர்க் கல்யாணத்துக்கோ குடும்பமே கிளம்பும் நாட்களில் எந்தத் தெருவில் எத்தனை பூட்டு தொங்குகிறது என்பதைக் கணக்கெடுக்க ஒரு சைக்கிள் போதும். அதனால்தான் வெளியூர் போகிறவர்களைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அதனால்தான் சொல்லத் தெரிந்த ஒரு பொருள் கதவுக்குத் தேவைப்பட்டது.

அந்தப் பொருள் புதியதும் அல்ல, சிக்கலானதும் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் ரசல் போப் 1853-இல் கதவு ஜன்னல்களுக்கு மின்கம்பி இழுத்து, திறந்தால் மணி அடிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1857-இல் எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை வாங்கித் தொழிலாக வளர்த்தார். போப்பின் அமைப்பில் கதவு திறந்தால் மின்சுற்று சேரும், மணி அடிக்கும். அதன் பொருள், கம்பி அறுந்துபோனால் சுற்று எப்போதும் சேராது, மணி எப்போதும் அடிக்காது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. பிற்காலத்தில் இதைத் தலைகீழாக்கினார்கள். கதவு மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் ஓட்டம் நின்று மணி அடிக்கும். 1936-இல் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்ச் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. விரல்நகம் அளவுக் கண்ணாடிக் குழாய். உள்ளே காற்றுக்குப் பதில் மந்த வாயு. எதிரெதிராக இரண்டு மெல்லிய இரும்புக் கலவை நாக்குகள். காந்தம் அருகில் வந்தால் அவை ஒட்டும், விலகினால் பிரியும். இன்று கடையில் எந்த விலைக்கு வாங்கும் கதவு சென்சாரிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். நிலையில் சுவிட்ச், கதவுப் பலகையில் காந்தம், அவ்வளவே.

இவ்வளவு எளிய பொருளைப் பொருத்தியதோடு விட்டால் என்ன என்று கேட்கலாம். என் பதில், இது பழுதாகும்போது பெரும்பாலும் மௌனமாகப் பழுதாகிறது என்பது. கம்பி அறுந்தால் சைரன் அலறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. பக்கத்தில் இடி விழுந்து வயரில் பாயும் அதிக மின்னோட்டம், ரீட் நாக்குகளை நுனியில் பற்றவைத்தது போல ஒட்டிவிடும். அதன்பிறகு கதவு திறந்தாலும் மூடினாலும், சென்சார் வயர்கள் வந்து சேரும் பேனல் பெட்டிக்கு அது மூடிய கதவுதான். எலி வயரைக் கடித்து இரண்டு செம்பு இழைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதே கதை. வயர் சேர்ந்துவிடும் இந்த இரண்டாவது பழுதுக்கென்றே வயரின் கடைசியில் ஒரு மின்தடை, அதாவது ரெசிஸ்டர், போடும் வழக்கம் வந்தது. பேனல் அந்தக் குறிப்பிட்ட தடையை எதிர்பார்த்துக் காத்திருக்கும். தடை மறைந்து நேரடியாக வயர் சேர்ந்துவிட்டால், ஏதோ தவறு என்று அதற்குப் புரிந்துவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டரை சென்சாருக்குப் பக்கத்தில் வைக்க ஏணி ஏற வேண்டும், பிரித்து இணைக்க வேண்டும். பேனல் பெட்டிக்குள்ளேயே திருகிவிட்டால் கால் மணிநேரம் மிச்சம். பல இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அங்கே ரெசிஸ்டர் இருக்கிறது, அதன் வேலை நடக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் மன்னிக்கக் கூடாத ஒரு தவறு உண்டென்றால் அது இதுதான், ஏனென்றால் வீட்டுக்காரர் அதை எந்த நாளும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கும் ஒரே வழி, பொருத்திய அன்றே சென்சார் முனையில் இரண்டு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டுப் பேனல் கத்துகிறதா என்று பார்ப்பது. ஒரு நிமிட வேலை.

அடுத்தது தூரக் கணக்கு. காந்தத்தை எங்கே வைப்பது என்பதை வயர் இழுக்க எளிதான இடம் முடிவுசெய்யக் கூடாது. 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவில், கீலிலிருந்து 10 சென்டிமீட்டரில் காந்தத்தை வைத்தால், அந்த இடத்தில் 2 சென்டிமீட்டர் விலகுவதற்குள் கைப்பிடிப் பக்கம் 18 சென்டிமீட்டர் திறந்துவிடும். அந்த இடைவெளியில் ஒரு முழங்கை உள்ளே போய், தாழ்ப்பாளைத் தடவி, காந்தத்தையே பிடித்துக்கொள்ள முடியும். கீலுக்கு எதிர்ப்பக்கத்து மேல் மூலையில் வைத்தால் கை நுழையும் முன்பே சுற்று பிரிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரீட் சுவிட்சுக்குச் சேரும் தூரம் வேறு, விடும் தூரம் வேறு. நெருங்கி வரும்போது 2 சென்டிமீட்டரில் ஒட்டும் நாக்கு, விலகிப் போகும்போது அதைத் தாண்டித்தான் விடும். அதனால் கதவைப் படாரென்று திறந்து சைரன் கேட்டதும் திருப்திப்படுவது சோதனை ஆகாது. அளவுகோலை நிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திறக்க வேண்டும். எந்தத் தூரத்தில் பேனல் பேசியது என்று எழுதிவைக்க வேண்டும். இரும்புக் கதவு, கிரில் கேட், ஷட்டர் என்றால் கணக்கே மாறும். சுற்றியுள்ள இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், மரத்தில் வேலை செய்யும் தூரத்தில் பாதி கிடைத்தாலே அதிகம். இடையில் ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் தட்டையோ கொடுத்து காந்தத்தை இரும்பிலிருந்து தூக்கி வைக்க வேண்டும், அல்லது ஷட்டருக்கென்றே வரும் கனமான வகையைப் போட வேண்டும்.

இந்தத் தூரம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நிற்காது என்பதில்தான் இந்த ஊரின் வானிலை உள்ளே வருகிறது. மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. அகலவாக்கில் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதி நிலையில் இறுகப் பிடித்து நிற்கும் கதவு, சித்திரையில் சுருங்கி இடைவெளி விட்டு நிற்கும். தேக்கு குறைவாக மாறும், வேம்பும் நாட்டு மரங்களும் அதிகமாக மாறும். மழைநாளில் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்திய காந்தம், கோடையில் எல்லைக்கோட்டில் போய் நிற்கும். ஆடிக் காற்றில் கதவு லேசாக ஆடினாலே போதும், நள்ளிரவில் சைரன் அலறும். பழைய வீடுகளின் குடுமிக் கதவுகளில் இது இன்னும் கூடுதல். கீல் இல்லாமல், மேலும் கீழும் குழியில் நிற்கும் மரக்குடுமியில் சுழலும் கதவு அது. நூறாண்டு சுழற்சியில் குழி அகன்று, கதவு மேலும் கீழும் பக்கவாட்டிலும் தளர்ந்திருக்கும். இரட்டைக் கதவு என்றால் இரண்டு பலகைகளையும் நிலையோடு தனித்தனியே சேர்க்க வேண்டும். ஒரு பலகையில் சுவிட்சும் மறு பலகையில் காந்தமும் வைத்தால், தாழ்ப்பாள் நெகிழ்ந்து இரண்டும் சேர்ந்தே உள்ளே தள்ளப்படும்போது எதுவும் பிரியாது. ஆகவே, ஒருமுறை சோதித்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. மழைக்கு ஒருமுறை, வெயிலுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது தூரத்தை அளந்தே ஆக வேண்டும்.

எந்தெந்தத் திறப்புகளுக்கு சென்சார் என்ற கேள்விக்கு, தொழில் கையேடுகளைவிடச் சட்டப் புத்தகம் எனக்கு உதவியாகப் படுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 445-ஆம் பிரிவில் வீட்டை உடைத்து நுழைதல் என்பது எவையெவை என்று ஆறு வழிகளைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆம் பிரிவும் அதே வழிகளைத்தான் சொல்கிறது. சுவரில் துளை போட்டு நுழைவது, ஆள் நுழைவதற்கல்லாத வழியாகவோ மதிலேறியோ நுழைவது, பூட்டைத் திறந்து நுழைவது, அடைத்த வழியை நீக்கி நுழைவது என்று பட்டியல் நீள்கிறது. கதவுத் துளையில் கம்பியை விட்டுத் தாழைத் தூக்குவதும், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறப்பதும்கூட அந்தப் பழைய பிரிவின் எடுத்துக்காட்டுகளில் உண்டு. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் எது சென்சாருக்கு அகப்படும், எது அகப்படாது என்பது தெளிவாகிவிடும். தொலைந்த சாவியில் திறந்தாலும், கம்பி விட்டுத் தாழைத் தூக்கினாலும் கதவு அசைந்தே தீர வேண்டும், காந்தம் பிடித்துவிடும். சுவரில் துளையிட்டால் பிடிக்காது. ஜன்னல் கம்பியை அறுத்தாலோ வளைத்தாலோ பிடிக்காது. ஜன்னல் பலகையின் அசைவைத்தான் அது அறியும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்கும் நம் வீடுகளில் ஜன்னல் சென்சாரை இரவில் அணைத்துவைப்பதே நடக்கிறது. அதனால், கம்பி உறுதியாக உள்ள ஜன்னல்களுக்கு எல்லாம் சென்சார் விற்பதை நான் ஏற்பதில்லை. அந்தப் பணத்தைக் கொல்லைக் கதவிலும் மொட்டைமாடிக் கதவிலும் போட வேண்டும். வாசலில் வேலைப்பாடுள்ள தேக்கும், மாடிப்படி முடிவில் துருப்பிடித்த தகரமும் போடுவது நம் கட்டுமான வழக்கமாகிவிட்டது. மதிலேறி வருபவன் அந்தத் தகரத்தின் முன்னால்தான் போய் நிற்பான்.

இத்தனை கதவுக்கும் தனித்தனியே எதற்கு, கூடத்தில் ஆள் நடமாட்டத்தை அறியும் ஒரே சென்சார் மாட்டினால் போதாதா என்பார்கள். மலிவான யோசனைதான், ஆனால் அந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது ஆளைப் பார்ப்பதில்லை. சுவரின் வெப்பத்துக்கும் உடலின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைப் பார்க்கிறது. மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33, 34 டிகிரி. ஏப்ரல் மே மாதங்களில் வெளியே 38 டிகிரி காயும்போது, கான்கிரீட் தளத்துக்குக் கீழே நான்கு நாள் அடைத்துக் கிடக்கும் கூடத்தின் சுவரும் தோலின் வெப்ப அளவுக்கே வந்து நிற்கும். வித்தியாசம் மறையும் இடத்தில் சென்சாரின் பார்வையும் மங்குகிறது. இதை ஈடுகட்டும் வசதி நல்ல வகைகளில் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் எதிர்பார்க்க முடியாது. குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும் கோடை விடுமுறையில்தான் இது நேர்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதோடு பல்லி அதன் லென்ஸ் மேல் ஏறும், சிலந்தி வலை பின்னும். இரண்டுமே வீண் அலறலுக்குக் காரணங்கள். காந்தத்துக்கு வெயிலும் தெரியாது, பல்லியும் தெரியாது. நடமாட்ட சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் வரிசையில் வைக்கலாம். அதையும் ஜனவரியில் நடந்து பார்த்துவிட்டு விடாமல், மே மாதப் பிற்பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நடந்து பார்க்க வேண்டும்.

சென்சார் சரி, அது சொல்வதைக் கேட்டுச் சொல்லும் பேனலுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது? வழக்கமாக உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பேனலும் சென்சார்களும் சேர்ந்து 150 மில்லி ஆம்பியர் இழுத்தால், காகிதக் கணக்கில் 46 மணிநேரம் தாங்கும். ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. வெயில் காயும் தளத்தை ஒட்டிய பரணில் பேனலை மாட்டினால் இரண்டாம் கோடையிலேயே அது வெறும் பெட்டிதான். மின்சாரம் இருக்கும்வரை செத்த பேட்டரி தன்னைக் காட்டிக்கொள்ளாது. இங்கேயும் அதே மௌனம். 2012-இல் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணிநேரத்துக்கும் மேலே மின்சாரம் நின்றபோது பேட்டரிகளின் தகுதி தானாகவே தெரிந்துவிட்டது. இன்று மின்வெட்டு குறைந்ததால் அந்தத் தேர்வும் நின்றுவிட்டது. ஆனால் துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வருகிறதே, அதை நான் இலவசச் சோதனை நாள் என்பேன். அன்று மாலை நாலரை மணிக்கு, மின்சாரம் வருமுன், சைரனை ஒருமுறை முழுதாக அலறவிட்டுப் பார்த்தால் பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். சைரனுக்குப் பின்னால் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. பேனலில் உள்ள சிம். ரீசார்ஜ் முடிந்தால் பேனல் ஊமை. 2ஜி மட்டுமே அறிந்த பழைய பேனலில் 4ஜி மட்டும் தரும் சிம்மைப் போட்டால் தொடக்கத்திலிருந்தே ஊமை. அழைப்பு போய்ச் சேரும் கைபேசி இரவில் சைலன்ட்டில் கிடந்தால், கதவிலிருந்து அதுவரை செய்த வேலை எல்லாம் தலையணைக்கு அடியில் முடிந்துவிடுகிறது.

இப்போதுள்ள கருவிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன, ஆப்பில் எல்லாம் தெரிகிறது, இந்தப் பழைய பாணிச் சோதனை எதற்கு என்பதுதான் என்னை நோக்கி வரும் வலுவான மறுப்பு. அதில் உண்மையும் இருக்கிறது. நல்ல வயர்லெஸ் சென்சார்கள் குறித்த இடைவெளியில் பேனலுக்கு உயிரோடிருப்பதாகச் சொல்லி அனுப்புகின்றன. பேட்டரி குறைந்தால் எச்சரிக்கின்றன. ஆனால் 433 மெகாஹெர்ட்ஸில் வரும் மலிவு வகைகளில் பெரும்பாலானவை ஒருவழிப் பேச்சுக்காரர்கள். கதவு திறந்தால் ஒருமுறை சொல்லும். பேனல் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. கேட்கவில்லை என்று பேனலுக்கும் தெரியாது. பொருத்திய பிறகு வழியில் ஓர் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தால் போதும், பேச்சு துண்டாகலாம். உயர்ந்த வகைகளும் தம் மின்சாரத்தையும் அலைத் தொடர்பையும்தான் சோதிக்கின்றன. காந்தம் கழன்று சுவிட்சின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடப்பதும், வெள்ளையடிக்க வந்தவர் கழற்றி வேறு கதவில் மாட்டிவிட்டதும், கதவு ஒரு சாண் திறந்த பின்னரே நாக்கு விடுகிறது என்பதும் எந்த ஆப்புக்கும் தெரியாது. அவை கதவைப் பற்றிய செய்திகள். கதவைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். கேமரா இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல்: கேமரா நடந்ததைக் காட்டும், விசாரணைக்குப் பெரிதும் உதவும். அதிகாலை இரண்டு மணிக்கு யாரையாவது எழுப்புவதற்குக் கதவில் ஒரு காந்தம் வேண்டும்.

இன்னொரு மறுப்பு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. அடிக்கடி அலறவிட்டால் தெருவே வெறுக்காதா, பிறகு உண்மையாக அலறும்போது யார் வருவார்கள்? இதை நான் மிக முக்கியமானதாக எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நீதித்துறை அங்குள்ள காவலர்களுக்காக வெளியிட்ட ஒரு வழிகாட்டி, வீண் அலறல்கள் மொத்தத்தில் 94 முதல் 98 விழுக்காடு என்கிறது. அந்நாட்டின் சால்ட் லேக் நகரத்தில் 2000 டிசம்பர் முதல், தனியார் காவலர் யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்தால்தான் காவல்துறை வரும் என்று விதியே போட்டார்கள். அலாரத்தின் பேரில் காவலர்கள் ஓடவேண்டிய அழைப்புகள் அதன்பின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்தன. அங்கே காவலர்கள் சலித்தார்கள். இங்கே சலிக்கப்போவது எதிர்வீட்டு அக்காவும் மாடிவீட்டுச் சாரும். காவலர் வரும்முன் நம்மிடம் இருக்கும் ஒரே படை அவர்கள்தான். ஆனால் கதவு சென்சாரின் வீண் அலறலுக்குப் பெரும்பாலும் காரணம் என்ன? எல்லைக்கோட்டில் நிற்கும் காந்தம், தளர்ந்த குடுமி, துருப்பிடித்த இணைப்பு, இறங்கிய பேட்டரி. எல்லாமே சோதனையில் பிடிபடக்கூடியவை. சோதனை என்றால் கதவைத் திறந்து அலறுகிறதா என்பது மட்டுமாக இருக்கக் கூடாது. தாழிட்ட கதவை ஆடிக் காற்றைவிட வேகமாக உலுக்கிப் பார்த்து, அப்போது அலறாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சத்தத்துக்குப் பயந்தால் சைரன் வயரைக் கழற்றிவிட்டுப் பேனலின் சின்ன பீப் ஒலியை வைத்தே எல்லாக் கதவுகளையும் முடித்துவிடலாம். கடைசியில் ஒரே ஒரு முறை, பகலில், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு சைரனை அடித்தால் போதும். அந்தச் சத்தம் எந்த வீட்டுடையது என்று அவர்கள் காதுக்கும் பழக வேண்டுமே.

சோதனைக்குக் காசு யார் கொடுப்பார்கள் என்று தொழில்காரர்கள் கேட்பது நியாயம்தான். ஒரு சென்சாருக்கு இவ்வளவு என்று விலை பேசும் வழக்கத்தில், பொருத்தும் எண்ணிக்கை கூடினால்தான் கூலி கூடும். சோதிக்கும் மணிநேரத்துக்குக் கூலி கிடையாது. இதனால்தான் தேவையில்லாத ஜன்னலில் சென்சார் ஏறுகிறது, தேவையான ரெசிஸ்டர் பேனலுக்குள் தங்கிவிடுகிறது. விலைப்பட்டியலில் சோதனையைத் தனி வரியாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. எட்டு சென்சாருக்குப் பதில் ஐந்து போட்டு, மிச்சப் பணத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து அளந்து கொடுப்பது வீட்டுக்காரருக்கும் லாபம், தொழிலாளிக்கும் நிலையான வருமானம். அளந்த கணக்கைப் பேனல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும்: எந்தக் கதவு, எந்தத் தேதி, எத்தனை மில்லிமீட்டரில் பேசியது, பேட்டரி மாற்றிய மாதம், சிம் எதுவரை. அந்தத் தாள் இல்லாத பேனலை முடிந்த வேலையாக நான் ஏற்க மாட்டேன், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

இதை வாசிக்கும் நீங்கள் சென்சார் போட்ட வீட்டில் இருப்பவர் என்றால், ஆளை அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை பேனலை ஆன் செய்துவிட்டு ஒருவர் அதன் அருகே நில்லுங்கள். இன்னொருவர் வாசல் கதவு, கொல்லைக் கதவு, மொட்டைமாடிக் கதவு என்று ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு திறக்கட்டும். ஒரு கை நுழையும் இடைவெளி வந்த பிறகும் பேசாத கதவு எதுவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, கடைசியாக ஒரு கதவைத் திறந்து, அழைப்பு யாருடைய கைபேசியில் எத்தனை நொடியில் மணி அடிக்கிறது என்று பாருங்கள். மூன்று கதவுள்ள வீட்டுக்கு அரைமணிநேரம் ஆகும்.